கட்டிங் விலகினால் முதலில் ஸ்கேலை எடுங்கள்

அல்வாக் கடைக்கு ஒரு வட்ட லேபிள். விட்டம் 50 மில்லிமீட்டர், விளிம்பைச் சுற்றி 1 மில்லி வெள்ளை பார்டர். கட்டிங் அரை மில்லி விலகினால் ஒரு பக்கம் பார்டர் 0.5 மில்லி, எதிர்ப்பக்கம் 1.5 மில்லி ஆகிவிடும். அரை மில்லியைத் தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் மூன்று மடங்கு தடிமனாக நிற்பது கடைக்காரர் கண்ணில் உடனே படும். திருநெல்வேலிப் பக்கத்து ஸ்டிக்கர் கடைகளுக்கு வருகிற வேலை பெரும்பாலும் இந்த ரகம்தான். பல்லாயிரக்கணக்கில் வேண்டும் என்றால் ஆர்டர் சிவகாசிக்குப் போய்விடும். நூறு, இருநூறு என்று அவசரத்துக்குக் கேட்கிற ஸ்வீட் லேபிள், கருப்பட்டி மிட்டாய் டப்பா ஸ்டிக்கர், வேன் கண்ணாடிக்குச் சாஸ்தா படம், குலசை தசராவுக்குப் போகிற வண்டிக்கு அம்மன் படம் இவைதான் இங்கே நிற்கும். எல்லாவற்றிலும் பிரிண்ட் மேல் கட்டிங் சரியாக உட்கார்ந்தாக வேண்டும்.

விலகல் கண்ணில் பட்டதும் நிறைய ஆபரேட்டர்கள் நேராக மெஷின் மெனுவுக்குள் போய் ஆஃப்செட் எண்ணை, அதாவது வெட்டு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ள வேண்டும் என்கிற எண்ணை, மாற்றுகிறார்கள். அன்றைக்கு அந்த ஷீட் சரியாகிவிடும். மறுநாள் வேறு ரோல் போட்டதும் எதிர்ப்பக்கமாக விலகும். மறுபடி எண்ணை மாற்றுவார்கள். இப்படியே போனால் மெஷினில் எது சரியான மதிப்பு என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆஃப்செட் தப்பாக இருப்பது விலகலுக்கான காரணங்களில் ஒன்று மட்டுமே. மீடியா, அதாவது பிரிண்ட் அடிக்கிற வினைல், கோணலாக ஏறியிருக்கலாம், நீளம் மாறியிருக்கலாம், ரோலர் வழுக்கியிருக்கலாம், ஃபைலிலேயே கோடு தள்ளி இருக்கலாம். ஒவ்வொன்றும் ஷீட்டில் வெவ்வேறு மாதிரி விலகலைக் காட்டும். எந்த எண்ணையும் தொடுவதற்கு முன்னால் அது எந்த மாதிரி என்று அளந்து பார்க்க வேண்டும்.

அளக்க ஒரு டெஸ்ட் ஷீட்

60-க்கு 40 சென்டிமீட்டரில் ஒரு ஃபைல் போடுங்கள். நான்கு மூலைகளிலும் ஒன்று, நடுவில் ஒன்று என 20 மில்லி சதுரங்கள் ஐந்து. சதுரத்தின் கோடு 0.2 மில்லி, பிரிண்ட் ஆக வேண்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் உள்ளே, சரியாக 2 மில்லி தள்ளி, 16 மில்லி சதுரம் ஒன்று கட் லைனாக இருக்கட்டும். வெளியே நான்கு ரிஜிஸ்ட்ரேஷன் மார்க், அதாவது பிரிண்ட் எங்கே இருக்கிறது என்று கட்டரின் சென்சார் கண்டுபிடிப்பதற்கான கருப்புக் குறிகள். பிரிண்ட் எடுத்து, மார்க் படிக்க வைத்து, வெட்டுங்கள்.

இப்போது பிரிண்ட் கோட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் நான்கு பக்கமும் 2 மில்லி இடைவெளி இருக்க வேண்டும். அரை மில்லிக் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேலும், நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற 10 மடங்கு லென்ஸும் இருந்தால் 0.1 மில்லி வரை கணிக்கலாம். ஒவ்வொரு சதுரத்தின் பக்கத்திலும் நான்கு அளவுகளையும் பேனாவால் அந்த ஷீட்டிலேயே எழுதுங்கள். இடது பக்கம் 2.3, வலது பக்கம் 1.7 என்றால் வெட்டு வலப்புறம் 0.3 மில்லி தள்ளியிருக்கிறது. அதாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. கோட்டின் மேலேயே வெட்டிப் பார்ப்பதைவிட இது மேல். கோட்டின் மேல் வெட்டினால் விலகியது தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

ஐந்து சதுரத்திலும் விலகல் ஒரே திசையில், ஒரே அளவில் இருந்தால் அது ஆஃப்செட் ரகம். அப்போதும் உடனே மெனுவுக்குப் போகாதீர்கள். முதலில் பிளேடு ஹோல்டர் அடிவரை இறங்கி உட்கார்ந்திருக்கிறதா, அதைப் பிடிக்கிற ஸ்குரூ இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிளேடு மாற்றிய அன்று வருகிற விலகலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடுத்து, ஃபைலில் படத்தையும் கட் லைனையும் சேர்த்து 180 டிகிரி திருப்பி இன்னொரு ஷீட் எடுத்து வெட்டுங்கள். விலகல் படத்தோடு சேர்ந்து திரும்பினால் தப்பு ஃபைலில்: கட் லைன் போடும்போதே நகர்ந்திருக்கிறது. படம் திரும்பியும் விலகல் மெஷினின் அதே பக்கத்தில் நின்றால், சென்சாருக்கும் பிளேடுக்கும் உள்ள தூரம் மெஷினில் தப்பாகப் பதிவாகியிருக்கிறது. அப்போதுதான் மெனு.

ரோலண்ட் மாதிரி பிரிண்டும் கட்டிங்கும் ஒரே மெஷினில் நடக்கிறவற்றில் இந்தத் திருத்தம் இரண்டு இடத்தில் இருக்கிறது. பிரிண்ட் ஆன கையோடு வெட்டுவதற்கு ‘பிரிண்ட்-கட்’, லேமினேஷன் முடித்து மறுபடி ஏற்றி மார்க் படிக்க வைத்து வெட்டுவதற்கு ‘கிராப்-கட்’. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது. நேரடி கட்டிங் அச்சாக வருகிறது, லேமினேஷன் போட்டால் மட்டும் விலகுகிறது என்றால் இரண்டாவதைப் பாருங்கள். இரண்டிலும் ‘எஃப்’ என்பது மீடியா ஓடுகிற திசை, ‘எஸ்’ என்பது தலை ஓடுகிற திசை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, டெஸ்ட் எடுத்து, பிறகு அடுத்ததை மாற்றுங்கள். பழைய மதிப்பை மெஷின் மூடியில் தேதியோடு எழுதி ஒட்டி வைப்பது நல்ல பழக்கம்.

முதல் வரிசைச் சதுரங்கள் சரி, கடைசி வரிசை மட்டும் ஓடுகிற திசையில் விலகுகிறது என்றால் நீளம் ஒத்துப்போகவில்லை. பிரிண்டர் 1 மீட்டர் என்று நினைத்து அடித்தது வேறு, கட்டர் 1 மீட்டர் என்று நினைத்து ஓடியது வேறு. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே மீட்டருக்கு 1 மில்லி. நான்கு மார்க்கையும் படிக்கிற கட்டர் இந்த வித்தியாசத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் இரண்டே மார்க் படிக்கும்படி செட்டிங் இருந்தாலோ, நீளத் திருத்தம் அணைந்திருந்தாலோ அது நடக்காது. ஒன்றரை, இரண்டு மீட்டர் நீள வேலைக்கு மூலையில் நான்கு மார்க் மட்டும் போட்டு நம்ப வேண்டாம். 50, 60 சென்டிமீட்டருக்கு ஒரு முறை இடை மார்க் வருகிற மாதிரி செட் பண்ணுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கட்டர் புதிதாகப் படித்துத் திருத்திக்கொண்டே போகும். நேரம் கொஞ்சம் கூடும். மூன்றடி அகல வினைல் இரண்டு மீட்டர் வீணாவதைவிட அது மேல்.

இடப்பக்கச் சதுரங்கள் முன்னால், வலப்பக்கச் சதுரங்கள் பின்னால் என்று விலகினால் மீடியா கோணலாக ஏறியிருக்கிறது. கோணலையும் மார்க் படித்து மெஷின் திருத்திக்கொள்ளும், ஓரளவுக்கு. கணக்கு மட்டும்தான் திருந்தும். மீடியா கோணலாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். மீட்டருக்கு 1 மில்லி கோணல் என்றால் 3 மீட்டர் ஓடுவதற்குள் ஓரம் 3 மில்லி நகர்ந்து, மீடியாவை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற பின்ச் ரோலருக்கு அடியில் இழுபட ஆரம்பிக்கும். அங்கிருந்துதான் திடீர் விலகல் கிளம்புகிறது.

நான்கு மூலையும் சரி, நடுச் சதுரம் மட்டும் விலகுகிறது என்பதுதான் இருப்பதிலேயே தொல்லை பிடித்தது. மீடியா நடுவில் உப்பியிருக்கிறது, அல்லது பிரிண்ட் ஆகும்போதே சூட்டில் அலை எழும்பி ஓடியிருக்கிறது. மூலை மார்க்கை வைத்துக் கணக்குப் போடுகிற மெஷினுக்கு நடுவில் என்ன நடந்தது என்று தெரிய வழியில்லை. ஆஃப்செட்டை எப்படி மாற்றினாலும் தீராது. வேலையைச் சிறிய சிறிய கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி மார்க் போடுவதும், பிரிண்டர் ஹீட்டரைக் குறைப்பதும்தான் வழி.

ஒரு சதுரத்தின் நான்கு பக்கமும் ஒரே மாதிரி 2.2 அல்லது 1.8 என்று வந்தால் அது விலகலே இல்லை; வெட்டின் அளவு மாறியிருக்கிறது. கட்டர் சாஃப்ட்வேரில் ஸ்கேல் 100 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். மூலைகள் மழுங்கி, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல் இருந்தால் பிளேடு ஆஃப்செட்டைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது. இது பிளேடின் முனை அதன் நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்கிற எண். ரோலண்டின் வழக்கமான வினைல் பிளேடுக்கு 0.25 மில்லி, கிராஃப்டெக்கின் 0.9 மில்லி தடிமன் பிளேடுக்கு 0.45 மில்லி. எண் குறைவாக இருந்தால் மூலை மழுங்கும். கூடினால் மூலையில் கொம்பு முளைத்த மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஃபைலில் செய்ய வேண்டியவை

மார்க் முழுக்க முழுக்கக் கருப்பு மட்டும்: கே 100, மற்ற மூன்று கலரும் பூஜ்யம். நான்கு கலரும் கலந்த கருப்பில் மார்க் அடித்தால், ஹெட் அலைன்மென்ட் துளி விலகியிருந்தாலும் கோட்டின் ஓரத்தில் நீலமோ சிவப்போ பிசிறடிக்கும். சென்சார் எதைக் கோட்டின் விளிம்பு என்று எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதே காரணத்துக்காகத்தான் கட்டிங் டெஸ்டுக்கு முன்னால் பிரிண்டரில் இரு திசை அலைன்மென்ட்டை முடித்துவிட வேண்டும். ஹெட் போகும்போது ஒரு கோடும் வரும்போது ஒரு கோடுமாக மார்க் இரட்டையாக விழுந்தால் கட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மார்க்கின் கோடு 0.5 மில்லியிலிருந்து 1 மில்லி வரை தடிமன், 10 முதல் 15 மில்லி நீளம் இருந்தால் வசதி. அதைச் சுற்றி ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வேறு எதுவும் அச்சாகக் கூடாது. கடைப் பெயர், தேதி, ஆர்டர் நம்பர் என்று மார்க் பக்கத்தில் எழுதி வைக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. சென்சார் அந்த எழுத்தையே மார்க் என்று பிடித்துக்கொள்ளும். மீடியா ஓரத்திலிருந்து மார்க் 2, 2.5 சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். பின்ச் ரோலர் அதன் மேல் ஏறாது.

படமும் மார்க்கும் ஒரே ஃபைலில், ஒரே முறை பிரிண்ட் ஆக வேண்டும். ரிப்பில், அதாவது ஃபைலைப் பிரிண்டருக்கு அனுப்புகிற சாஃப்ட்வேரில் போய் ‘பேஜுக்குப் பொருத்து’ என்று கொடுத்துவிட்டால் படமும் மார்க்கும் சேர்ந்து 98 சதவீதமாகச் சுருங்கிவிடும். கட்டருக்குப் போகிற கோடு 100 சதவீதத்திலேயே நிற்கும். அளவு மாற்ற வேண்டுமென்றால் கோரலிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ மாற்றிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

ரோலண்டின் ரிப்பான வெர்சாவொர்க்ஸுக்கு அனுப்புகிற கோட்டுக்கு ‘கட்கான்டூர்’ (CutContour) என்ற ஸ்பாட் கலர், அதாவது தனிப் பெயர் வைத்த நிறம், கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது, நடுவில் இடைவெளி கிடையாது. ஒரு எழுத்து மாறினாலும், ஸ்பாட் என்பது பிராசஸ், அதாவது சாதாரண நான்கு கலர்க் கலவை, ஆகிவிட்டாலும் அந்தக் கோடு வெட்டாகாமல் மெஜந்தா நிறத்தில் அச்சாகி வரும். கோட்டுக்கு உள்ளே ஃபில் எதுவும் இருக்கக் கூடாது.

இனி ப்ளீட், அதாவது வெட்டுக் கோட்டுக்கு வெளியேயும் நீட்டி அடிக்கிற நிறம். பின்னணி நிறம் கட் லைனைத் தாண்டி 2 மில்லி வெளியே போகட்டும். எழுத்து, கோபுரம், சாமி முகம் போன்றவை கட் லைனிலிருந்து 2 மில்லி உள்ளே நிற்கட்டும். ஸ்டிக்கருக்கு ஸ்டிக்கர் 4, 5 மில்லி இடைவெளி விடுங்கள். வினைலை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒட்ட ஒட்ட அடுக்கினால் ப்ளீட் மோதும், வேஸ்ட் உரிக்கும்போது நடுவில் இருக்கிற மெல்லிய பட்டை அறுந்து அறுந்து வரும். 1 மில்லி வெள்ளை பார்டர் கேட்கிற வாடிக்கையாளரிடம் 3 மில்லி வைக்கலாமே என்று டிசைன் கட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. 3 மில்லி பார்டரில் 0.3 மில்லி விலகல் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு நல்ல மெஷினிலும் 0.3 வரை விலகலை எதிர்பார்த்தே டிசைன் போட வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. மெஷினின் குறையை டிசைன் தாங்கிக்கொள்ளும். டிசைனின் குறையை எந்த மெஷினாலும் தாங்க முடியாது.

மீடியா ஏற்றுவது

பாதிக்கு மேற்பட்ட விலகல் இங்கேதான் பிறக்கிறது. லேமினேஷன் முடிந்த ரோலின் ஓரத்தில், வினைலைத் தாண்டி லேமினேஷன் ஃபிலிம் இரண்டு மூன்று மில்லி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடிப்பக்கம் பசை. அப்படியே ஏற்றினால் அந்தப் பசை மெஷினின் தட்டில் ஒட்டி ஒட்டிப் பிரியும். அந்தப் பக்கம் மட்டும் மீடியா பின்தங்கும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து இரண்டு ஓரத்தையும் நேராக நறுக்கி எடுங்கள். முன் விளிம்பையும் ஓரத்துக்குச் செங்கோணமாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம்.

பின்ச் ரோலர்கள் அடியில் இருக்கிற சொரசொரப்பான கிரிட் ரோலரின் மேல்தான் நிற்க வேண்டும். ஓரத்து ரோலர் இரண்டும் மீடியா விளிம்பிலிருந்து 1, 2 சென்டிமீட்டர் உள்ளே. நடு ரோலர் இருக்கிற மெஷினில் அதன் அழுத்தம் ஓரத்து ரோலரைவிடக் குறைவாக இருக்கட்டும்; நடுவில் கூடினால் இரண்டு பக்கமும் சுருக்கம் விழும். லீவரை இறக்குவதற்கு முன், மீடியாவை முன்பக்கமிருந்து நடுவில் இரண்டு கையையும் விரித்து வைத்து ஒரே சீராக இழுத்துப் பிடியுங்கள். ஒரு மூலையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்வது வேலைக்கு ஆகாது. அந்த மூலையில் ஏறிய இழுவிசை முதல் அரை மீட்டருக்குள் தளர்ந்து, மீடியா பழைய கோணலுக்கே திரும்பும்.

லீவரை இறக்கியதும் வெட்ட வேண்டாம். வேலையின் நீளம் எவ்வளவோ அதற்கு மேல் 20, 30 சென்டிமீட்டர் முன்னால் ஓட்டி, மறுபடி பின்னால் கொண்டு வாருங்கள். ஓடும்போது ஓரத்தையும் தட்டில் இருக்கிற அளவுக் கோட்டையும் மட்டும் பாருங்கள். 1 மீட்டருக்கு அரை மில்லிக்கு மேல் ஓரம் நகர்ந்தால் லீவரைத் தூக்கி மறுபடி ஏற்றுங்கள். இந்த முன்னோட்டத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: கிரிட் ரோலரின் பல் மீடியாவின் அடியில் பதிந்து ஒரு தடம் விழுந்துவிடும், வெட்டும்போது முன்னும் பின்னும் ஓடினாலும் மீடியா அதே தடத்தில் போகும்.

பின்னால் ரோலிலிருந்து வேலைக்கு வேண்டிய நீளத்தை முன்கூட்டியே உருவித் தொங்கவிடுங்கள். கட்டர் வேகமாகப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும்போது முழு ரோலின் எடையும் அதன் மேல் விழுந்தால் வழுக்காமல் என்ன செய்யும்? முதல் இருபது ஸ்டிக்கர் சரி, இருபத்தொன்றாவதிலிருந்து எல்லாமே ஒரே அளவு தள்ளி இருக்கிறது என்றால் இந்த வழுக்கல்தான். அப்படித் தொங்குகிற மீடியாவில் ஃபேன் காற்று படக் கூடாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நம்மூர்க் கடைகளின் வாசல் வழியாக நேரே உள்ளே நுழையும். அந்த மாதங்களில் கட்டர் இருக்கிற அறையின் கதவைச் சாத்தி வையுங்கள். காற்றோடு வருகிற புழுதி கிரிட் ரோலரின் பல்லை அடைத்து வழவழப்பாக்கிவிடும். காய்ந்த நைலான் பிரஷ்ஷால் ரோலரைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து எடுங்கள், தண்ணீர் வேண்டாம். சீசன் காற்று நேரத்தில் வாரம் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும்.

வெட்டும் வரிசையையும் கவனியுங்கள். சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு முதல் ஸ்டிக்கரை மேலேயும் அடுத்ததை இரண்டு மீட்டர் கீழேயும் வெட்டினால் மீடியா ஓடி ஓடியே நகர்ந்துவிடும். ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசை என்று வைக்கிற ஆப்ஷன் பெரும்பாலான கட்டிங் சாஃப்ட்வேரில் உண்டு. ஸ்டிக்கருக்குள் ஓட்டை இருந்தால் உள்கோடு முதலில், வெளிக்கோடு பிறகு.

சூடு, ஈரம், அவசரம்

ஈகோ சால்வென்ட் இங்க் அடித்த வினைல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்; உள்ளே சால்வென்ட் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அது வெளியேறும்வரை வினைல் இளகி, அடியில் பசையும் மிருதுவாக இருக்கும். அந்த நிலையில் வெட்டினால் பிளேடு பசையை இழுத்துக்கொண்டு போகும், வெட்டிய ஓரம் சுருண்டு எழும்பும். அந்த நிலையில் லேமினேஷன் போட்டால் ஆவி அடியிலேயே சிக்கிக்கொண்டு பிறகு ஓரங்கள் பிரியும். 24 மணி நேரம் விடுவது பொதுவான கணக்கு. கனமான கருப்பு, அடர் சிவப்பு அடித்த வேலைக்கு அதற்கு மேலும் விடலாம். இறுக்கிச் சுருட்டி வைத்த ரோலில் ஆவி வெளியேறாது. தளரச் சுருட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள், அல்லது விரித்துத் தொங்கவிடுங்கள்.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆடி அமாவாசைக்கு முதல் நாள் ஒருவர் வந்து, “அண்ணாச்சி, சாயங்காலம் வேன் காரையாறுக்குக் கெளம்புது, இப்பமே வெட்டித் தந்துருங்க” என்று நிற்பார். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற குடும்பத்தை நாளை வா என்று அனுப்ப முடியாது. அப்போது செய்யக்கூடியது: லேமினேஷனை விட்டுவிடுங்கள். கட் லைன் ஓரத்தில் இங்க் வராத மாதிரி சுற்றிலும் 4, 5 மில்லி வெள்ளை விட்டு டிசைனை மாற்றுங்கள். இங்க் நனையாத வினைல் ஓரம் சுருளாது. கோடு எளிமையாக, மூலைகள் வளைந்ததாக இருக்கட்டும். பிரிண்டரிலிருந்து எடுக்காமல் ஃபேன் காற்றில் முடிந்தவரை காயவிட்டு, அதே மெஷினில் வெட்டுங்கள். லேமினேஷன் இல்லாததால் நிறம் சீக்கிரம் வெளுக்கும் என்பதை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

வினைலைவிட அதன் பின்னால் இருக்கிற வெள்ளைப் பேப்பர்தான் ஈரத்துக்கு அசையும். பேப்பர் ஈரம் குடித்தால் நீளவாக்கில் விரிவதைவிட அகலவாக்கில் அதிகம் விரியும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்திலும், நெல்லையில் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், ஏசி அறையில் அடித்த பிரிண்டை ஏசி இல்லாத முன் ஹாலில் கொண்டு போய் வெட்டினால் அகலத்தில் விலகல் வருவதற்கு இதுதான் காரணம். நான்கு மார்க் படிக்கிற கட்டர் இதில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். பிரிண்டும் கட்டிங்கும் ஒரே அறையில் நடந்தால் நல்லது. முடியாவிட்டால் வெட்டுகிற அறையில் மீடியாவை ஓரிரு மணி நேரம் விரித்துப் போட்டுவிட்டு வெட்டுங்கள். திறந்த ரோலை பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி வைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் கதை வேறு. அறையே 38 டிகிரியில் இருக்கும்போது பிரிண்டரின் ஹீட்டரை டிசம்பரில் வைத்த அளவிலேயே வைத்தால் மெல்லிய வினைல் அலை அலையாக எழும்பும். முன் ஹீட்டரை இரண்டு மூன்று டிகிரி குறைத்து, இங்க் பரவாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வெட்டுவது இன்னும் சிறப்பு.

மார்க் படிக்காவிட்டால்

பளபளப்பான லேமினேஷன்தான் முதல் சந்தேகம். சென்சார் ஒளியை அடித்து, திரும்பி வருகிற அளவை வைத்துக் கருப்பா வெள்ளையா என்று தீர்மானிக்கிறது. பளபளப்பான லேமினேஷனில் கருப்பும் பளிச்சென்று திருப்பி அடிக்கும். மார்க் இருக்கிற இடத்தில் மட்டும் மங்கலான எழுதும் டேப்பை, அதாவது ஒட்டினால் பளபளக்காத மேட் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பெரும்பாலும் படித்துவிடும். மேட் லேமினேஷனில் இந்தத் தொல்லையே இல்லை. கண்ணாடி மாதிரி டிரான்ஸ்பரன்ட் வினைல், வெள்ளி, ஹாலோகிராம் மீடியா ஆகியவற்றில் மார்க் விழுகிற இடத்தில் வெள்ளைக் காகித ஸ்டிக்கரை முதலில் ஒட்டி அதன் மேல் பிரிண்ட் விழும்படி செய்யலாம். ஹெட்டில் தட்டாத அளவுக்கு மெல்லிய காகிதமாக இருக்க வேண்டும். மேற்கு பார்த்த கடையில் மாலை வெயில் சென்சார் மேல் நேராக விழுந்தாலும் படிக்காது. ஒரு அட்டையை மறைத்துப் பிடித்துப் பாருங்கள். படித்தால் காரணம் தெரிந்துவிட்டது.

சென்சார் இல்லாத, சிவப்பு லேசர் புள்ளியை மார்க் மேல் கையால் கொண்டு போய் நிறுத்துகிற கட்டர்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. புள்ளியே கிட்டத்தட்ட 1 மில்லி அகலம் என்பதால் அரை மில்லிக்குக் கீழே துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். லேசருக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தைச் சரிபார்க்க, வெற்று வினைலில் ஒரு கூட்டல் குறி வெட்டி, புள்ளியை அதன் நடுவுக்குக் கொண்டு போய், எவ்வளவு நகர்ந்தது என்று திரையில் படித்து அந்த எண்ணைப் பதியுங்கள். மார்க்கில் புள்ளியை நிறுத்தும்போது உங்கள் தலையை நேர் மேலே வைத்துப் பாருங்கள். 

பிளேடு விஷயம் சுருக்கமானது. வழக்கமான 80 மைக்ரான் வினைலுக்கு ஹோல்டரிலிருந்து பிளேடு 0.2, 0.3 மில்லி வெளியே தெரிந்தால் போதும். வெட்டிய துண்டை உரித்து, பின் பேப்பரைத் திருப்பிப் பாருங்கள். லேசான கோடு தெரியலாம்; விரலில் பள்ளம் தட்டுப்படக் கூடாது. ஆழம் கூடினால் பிளேடு மீடியாவையே இழுத்துக்கொண்டு போகும், அதுவும் விலகலாகத்தான் தெரியும். லேமினேஷன் வேலைக்கு அழுத்தத்தைக் கூட்டி, வேகத்தைச் செகண்டுக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையுங்கள். பிளேடுக்கு அடியில் இருக்கிற வெள்ளைப் பட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்றுங்கள்.

12-க்கு 18 இஞ்ச் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்துச் சின்ன கட்டரில் வெட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. லேசர் மெஷினில் ஒவ்வொரு ஷீட்டிலும் படம் விழுகிற இடம் அரை, ஒரு மில்லி மாறும். அதனால் முதல் ஷீட்டில் மார்க் படித்துவிட்டு மீதி எல்லாவற்றையும் ஓரம் பொருத்தி வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஷீட்டுக்கும் மார்க் படித்தாக வேண்டும்.

ஒரே மெஷினில் அடித்து உடனே வெட்டுகிற வேலைக்கு மார்க் எதற்கு என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளிலோ, மழைக்காலத்தில் திடீரென்றோ கரண்ட் போனால் மெஷின் தன் தொடக்கப் புள்ளியை மறந்துவிடும். மார்க் இல்லாத பிரிண்டை அதற்குப் பிறகு கையால் நறுக்க வேண்டியதுதான். எப்போதும் மார்க் போட்டே அடியுங்கள். கரண்ட் வந்ததும் மீடியாவை ஏற்றி, மார்க் படிக்க வைத்து, வெட்டி முடித்த ஸ்டிக்கர்களை சாஃப்ட்வேரில் நீக்கிவிட்டு மீதியை மட்டும் அனுப்பலாம். பாதியில் நின்ற ஸ்டிக்கரை மட்டும் அனுப்பாதீர்கள்: பழைய வெட்டுக்கு அருகில் புதிய வெட்டு 0.2 மில்லி தள்ளி விழுந்தால் ஓரத்தில் நூல் மாதிரி வினைல் கிழிந்து வரும். அந்த ஒன்றைக் கழித்துவிட்டு, கூடுதலாக அடித்து வைத்திருக்கிற ஒன்றைக் கொடுங்கள். நூறு கேட்டால் நூற்றைந்து அடிப்பது இதற்குத்தான்.